மூன்றாவது வரி

எங்கள் மேடை ஒரு வைக்கோல் டிரெய்லர்.
சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல்,
ப்ளூஸ் எங்களை உருட்டிக்கொண்டுபோய்
ஆற்றில் தள்ளிவிடாமலிருக்க.
ஷ்ராப்ஷயரின் ஓரத்தில், இருநூறு பேர்கூட இல்லாத ஊர்;
அதில் இருபத்தாறு பேர் எதிரே.
நான்கு பேர் அடுத்து ஏறவிருக்கும் கைமணிக் குழு.
ஒருத்தியின் மடியில் பரிசு வாங்கிய கோழி.

"ஹெட்லி, மெரியல், கணவனும் மனைவியும்"
என்றாள் திருமதி பிராஸர், துண்டுச் சீட்டைப் பார்த்து.
பழைய சீட்டு. நாங்கள் திருத்தவில்லை.
விவாகரத்தாகி நான்கு வருடம்.
வீட்டை விற்றோம், நாயை என் தங்கை எடுத்துக்கொண்டாள்,
பன்னிரண்டு தாளக்கட்டங்களை மட்டும் எப்படிப் பிரிப்பதென்று
வக்கீலுக்கும் தெரியவில்லை.

ப்ளூஸ் அப்படியொன்றும் கடினமில்லை.
ஒரு வரியைச் சொல்.
அதையே மறுபடி சொல், யாரும் நம்பாததுபோல.
மூன்றாவதில் காரணத்தைச் சொல்.
வரிக்கு வரி கொஞ்சம் இடம் விடு,
கூட நிற்பவள் அதில் மூச்சுவிட்டுக்கொள்வாள்.

சமையலறையிலும் ஹெட்லி இந்த இலக்கணத்தை மீறியதில்லை,
முதல் இரண்டு வரிவரை.
"ஒன்றுமில்லை" என்பான்.
"ஒன்றுமில்லை என்கிறேனே" என்பான்.
பிறகு கிட்டாரைத் துடைக்கப் போய்விடுவான்.

இன்று அவன் பாடுவது என்னைப் பற்றி.
எல்லாச் சனிக்கிழமையும் அவன் பாடுவது என்னைப் பற்றி.
விட்டுப் போனவள்,
சாவியை மீன்தொட்டியில் போட்டுவிட்டுப் போனவள்.
அது எதுகைக்காக. எங்களிடம் மீன்தொட்டியே இருந்ததில்லை.
பக்கத்தில் நின்று
என்மீதான குற்றச்சாட்டுக்கு ஹார்மோனிகா வாசிக்கிறேன்.
நன்றாகவே வாசிக்கிறேன்.
இந்தக் கருவியில் ஊதுவதைவிட உள்ளிழுப்பதே அதிகம்;
நான்காம் துளையை இழுத்து, தாடையைச் சற்றே தளர்த்தினால்
சுரம் தலைகுனியும்.
கோழிக்காரி அப்போது கண்களை மூடினாள்.
கோழி மூடவில்லை.

ஐந்தாவது பாட்டில்
தேநீர்க் கூடாரத்தில் யாரோ பெரிய கொதிகலனைச் சொருக,
ஜெனரேட்டர் ஒருமுறை விக்கிச் செத்தது.
மைக் போனது. ஆம்ப்ளிபயர் போனது.
ஆறு கேட்டது; ஆற்றுக்கு அப்பால் ஒரு செம்மறி.
ஹெட்லி நிறுத்தவில்லை.
வெறும் தொண்டையில், முன்வரிசைக்குக்கூட எட்டாத குரலில்,
எனக்குத் தெரிந்த பாட்டுக்குள் எனக்குத் தெரியாத வரி:

சாவியைத் திருப்பினாய், வண்டி இருமி நின்றது.
சாவியைத் திருப்பினாய், வண்டி இருமி நின்றது.
கொட்டகைக் கதவைப் பிடித்து நின்றேன், ஒரு காலில்தான் பூட்ஸ்.

அன்று லட்லோவில் இருந்ததாகச் சொல்லியிருந்தான்,
தந்தி வாங்கப் போனதாக.
நான்கு வருடமாக நான் நம்பி வந்த லட்லோ.

அடுத்த நான்கு தட்டு என்னுடையது,
நான் பதில் சொல்ல வேண்டிய இடம்.
ஹார்மோனிகா உதட்டில்தான் இருந்தது.
மூச்சும் இருந்தது.
வாசிக்கவில்லை.
கிட்டார் தனியே நடந்தது, திருப்பத்தில் தயங்கியது,
யாரும் கேட்காத ஒரு சுற்றைக் கூடுதலாகச் சுற்றிவந்தது.
அதில் சேர்ந்துகொண்டேன்.

கீச்சென்று மின்சாரம் வந்தது.
கைதட்டினார்கள், பெரும்பாலும் தேநீருக்கு.
குலுக்கலில் பச்சைச் சீட்டு நூற்றுப் பதினேழு,
ஒரு வாளி உருளைக்கிழங்கு. யாரும் வரவில்லை.
மறுபடி அழைத்தார்கள்.

சம்பளம் நாற்பது பவுண்டு, ஒரு எலுமிச்சை கேக்.
பணத்தைப் பிரிப்பது சுலபம்.
கத்தி இல்லாததால் கேக்கைப் பழைய தந்தியால் அறுத்தான்;
கழுவினானா என்று நான் கேட்கவில்லை.
"அந்த வரி" என்றேன்.
"எந்த வரி" என்றான்.
"அந்த வரிதான்" என்றேன்.
கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் இடையே
வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான், மிகக் கவனமாக.

அதே வண்டிதான்.
போன குளிர்காலத்தில் பேட்டரி மாற்றியிருந்தேன்.
முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது.