கால் அங்குலக் குழாய்

ஃப்ரிட்ஜ் செத்தால் எனக்கு லாபம்.
புவனேந்திரன் அதன் முதுகைக் கழற்றி
பழைய செப்புக் குழாயை
மஃப்ளருக்குள் சுற்றிக் கொண்டுவருவார்,
சூடு ஆறக் கூடாத வர்க்கி மாதிரி.

எட்டு மில்லிமீட்டருக்கு ஒரு துண்டு.
அறுத்து, அரம் போட்டு,
ரசத்துக்குக் கரைத்ததில் மிஞ்சிய புளியால் தேய்த்தால்
குளித்து வந்த பிள்ளையின் காதுமடல் நிறத்துக்கு வரும் செம்பு.
இப்படியே விட்டுவிடலாம் என்று சில நாள் தோன்றும்.
விட்டால் யார் வாங்குவார்கள்?

ஓட்டுப்பட்டறைக் காற்று முறித்துப் போட்ட குடையின் கம்பி.
அதன் நுனியில் ஒரு மணி.
குழாய் பற்றவைக்கும் அவருடைய டார்ச்
ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னுடையது.

நீல நாக்கின் நுனியில் பிடித்து உருட்ட வேண்டும்,
நிறுத்தாமல்.
சிவந்ததும் எனாமல் தூளில் ஒரு புரட்டு.
மறுபடி தீ.
முதலில் சர்க்கரை ஒட்டியது போல.
பிறகு கமலாப் பழத்தோல்.
பிறகு, இமைத்தால் தவறிப்போகும் ஒரு நொடியில்
தண்ணீர் தேங்கியது போலப் பளபளப்பு.
அங்கே எடுத்துவிட வேண்டும்.
ரசித்துக்கொண்டு நின்றால் ஓரம் கருகும்.
ஒரு மணிக்கு மூன்று தடவை இப்படி.

ஜன்னலைத் திறக்காமல் முடியாது, புகை.
திறந்தால் மஞ்சு கேட்காமல் உள்ளே வரும்,
வந்து, சூடான மணியைத்தான் முதலில் தொடும்.
டிக்.
அவ்வளவுதான், விரிசல்.
ஐப்பசியில் மட்டும் பதினேழு டிக்.
அதனால் இப்போது வெந்நீர் அடுப்புச் சாம்பலை
இட்லிக் கொப்பரையில் போட்டுச் சூடாக வைத்திருக்கிறேன்.
மணி அதற்குள் புதைந்து மெல்ல ஆறும்.
இனி எதில் இட்லி என்பது
இந்த வீட்டில் இன்னும் பேசி முடியாத விஷயம்.

கற்றுக்கொள்ளக் கை சுட்டது ஒன்று உண்டு:
சூட்டில் நிறம் பொய் சொல்லும்.
சிவப்பு, கறுப்பாக நிற்கும்.
பச்சை தனக்குப் பச்சையோடு சம்பந்தமே இல்லை என்னும்.
டப்பா மேல் ஒட்டிய சீட்டை நம்பித்தான் பிழைப்பு.

அந்த வாரம் ஆறு நாள் மழை.
சமையலறைச் சுவரே வியர்த்தது.
சீட்டுகள் எல்லாம் உரிந்து
அலமாரித் தட்டில் குவிந்து கிடந்தன.
திறந்தால் எல்லா டப்பாவிலும்
ஏறக்குறைய ஒரே வெளிர் மாவு.

மவுண்ட் ரோட்டு ரமீஜா கடைக்கு
முப்பத்திரண்டு சிவப்பு தர வேண்டும், திங்கள் காலை.
கோயம்புத்தூர்க் கல்யாணம் ஒன்றுக்கு.
இடது ஓரத்து டப்பா சிவப்பு.
எனக்குத் தெரியும்.
ஒன்றைச் சுட்டு ஆறவைத்துப் பார்த்திருக்கலாம்.
பார்க்கவில்லை.

சாயங்காலம் கரண்டியால் சாம்பலைக் கிளறினேன்.
முதல் மணி கத்தரிப்பூ நிறம்.
இரண்டாவதும்.
மூன்றாவதை ஊதித் துடைத்துப் பார்த்தேன்,
துடைத்தால் சிவந்துவிடும் என்பது போல.
முப்பத்திரண்டும் கத்தரிப்பூ,
ஒரு விரிசல் இல்லாமல்.
அத்தனை நன்றாக அதற்குமுன் வந்ததே இல்லை.
அதுதான் அழுகையைக் கொண்டுவந்தது.

புவனேந்திரன் எதுவும் கேட்கவில்லை.
சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு
தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து
குழாயை அறுக்க ஆரம்பித்தார்.
கர், கர், கர்.
நாளைக்கு வெலிங்டனில் வேலை இருக்கிறதே,
டார்ச்சில் கேஸ் மிஞ்சாதே என்றேன்.
நிமிராமல் சொன்னார்:
"பன்னெண்டு மணி வரைக்கும் ஞாயித்துக்கிழமைதான்."

பன்னிரண்டு தாண்டி ஒன்றே காலுக்கு
கடைசிச் சிவப்பு சாம்பலுக்குள் போனது.

காலையில் இரண்டு பொட்டலம் எடுத்துப் போனேன்.
கத்தரிப்பூவைப் பிரித்ததும் ரமீஜா
இது என்ன என்றாள்.
புதுசு, யோசித்துப் போட்டது என்றேன்.
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
விரலில் ஒட்டியிருந்த சாம்பலையும்.
பிறகு பேனாவை எடுத்து
சிவப்பைவிட இருபது ரூபாய் கூட்டி எழுதினாள்.