இறக்கத்தைப் பற்றிக் கேட்டேன்

பானெட்டில் கை வைத்தேன்.
சுட்டது.
"இப்போதுதான் ஒரு சுற்று போய் வந்தேன்" என்றார் ஸ்டானிச்,
நான் கேட்காமலே.

பியூட் நகரத்து மார்ச் மாதம்.
மூச்சு விட்டால் மப்ளரிலேயே உறையும் காலை.
இந்தக் குளிரில் சும்மா சுற்றப் போகிறவர் யார்?
வாங்குபவள் வருமுன்னே டீசல் வண்டியைச் சூடாக்கி வைத்தால்
வண்டி சொல்ல வேண்டியதை
ஆள் முந்திக்கொண்டு சொல்கிறார் என்று பொருள்.

"ஆறட்டும். இருக்கிறேன்."
"நாலு மணி நேரமாகுமே."
"ஃப்ளாஸ்க் கொண்டுவந்திருக்கிறேன்."

தானமாக வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இவர் பத்தொன்பதாயிரம் டாலர் கேட்கிறார்.
பனிமேல் தார்ப்பாய் விரித்து
மல்லாந்தபடி அடியில் நுழைந்தேன்.

சேஸிஸை நீள நெடுகச் சுத்தியலால் தட்டினேன்.
டங், டங் என்று வந்த ஒலி
பின் அச்சுக்கு மேலே ஓரிடத்தில் தொப்பென்றது.
அங்கே மட்டும் கருப்பு பெயின்ட் புதுசு.
சுரண்டிய துரு கண்ணில் விழுந்தது.
அவருடைய பூட்ஸ் இரண்டும்
என் தலைக்கருகே வந்து நின்று
ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போயின.

கியர்பாக்ஸ் எண்ணெயை முகர்ந்தேன். கருகல் இல்லை.
கதவோரம் ஒட்டிய தாளில் எண்களைப் படித்தேன்.
விளம்பரம் சொல்லும் பாரம் ஒன்று,
தாள் சொல்லும் பாரம் ஒன்று.
நான் தாள் பக்கம்.

ஸ்டானிச்சுக்கு வாய் ஓயவில்லை.
பதினாறாயிரம் பவுண்டு வைக்கோலாம்,
ஹோம்ஸ்டேக் கணவாயாம்,
வேகம் அறுபதுக்குக் கீழே இறங்கவே இல்லையாம்.

இந்த மாதத்தில் இது ஐந்தாவது வண்டி.
ஐந்து பேரும் ஏறிய கதைதான் சொன்னார்கள்.

"இறங்கினதைச் சொல்லுங்கள்" என்றேன்.

போன செப்டம்பரில்
மூன்று குதிரைகளோடு நான் இறங்கினேன்.
மிதித்த பிரேக் தரை வரை போயிற்று,
ஒன்றும் நடக்கவில்லை.
கண்ணாடியில் புகை.
பின்னாலிருந்த பாரம் என்னைத் தள்ளத் தொடங்கியது,
அவசரமாகப் போகிற ஒருவர்
வரிசையில் முன்னால் நிற்பவரைத் தள்ளுவதுபோல.
சரளைக்கல் மேட்டில் ஏற்றிவிட்டேன்.
டிரெய்லர் சாய்ந்து கிடந்தது.
இரண்டு எழுந்து நின்றன.
பிஸ்கட் எழவில்லை.

இதை அவரிடம் சொன்னேனா என்று நினைவில்லை.
முகத்தில் தெரிந்திருக்கும்.

தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.
"வைக்கோலை உச்சியிலிருக்கும் பண்ணையில் போட்டுவிடுவேன்.
வரும்போது காலி டிரெய்லர்.
பாரத்தோடு நான் இறங்கினதே இல்லை, அம்மணி.
எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்ச் ரெண்டு வருஷமாகச் செத்துக் கிடக்கிறது.
எனக்குத் தேவைப்படவில்லை."

பன்னிரண்டரைக்கு பானெட் பனிக்கட்டிபோல் இருந்தது.
சாவியைத் திருப்பினேன்.
பிடிக்கவில்லை.
இரண்டாம் தடவையும் இல்லை.
மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டு
முற்றம் முழுக்க வெள்ளைப் புகை கக்கியது.
ஒரு சிலிண்டர் மட்டும் கதவைத் தட்டுவதுபோல் தட்டிற்று.
நாற்பது வினாடி.
பிறகு சீரானது.
மூடி வைக்கப் பார்த்தது இவ்வளவுதானா?
ஓர் இன்ஜெக்டர்!
கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே என்பதுபோல்
வண்டி நின்று உறுமியது.

"வைக்கோலை ஏற்றுங்கள்" என்றேன்.
"நீங்களும் ஏறுங்கள்."

கணவாயின் தலையில் திருப்பி
மேலேயே இரண்டாம் கியருக்கு வந்துவிட்டேன்.
எஞ்சின் ஊளையிட்டது.
வேகம் இருபத்தெட்டிலேயே நின்றது.
வளைவுக்கு முன் ஓர் அழுத்து, விடு,
மறுபடி ஓர் அழுத்து, விடு.
டிரெய்லர் பிரேக்கும் கூடவே பிடித்தது.
ஸ்டானிச் கைப்பிடியை விடவேயில்லை.
பேசவுமில்லை.
சரளை மேட்டின் பலகை வந்தது. போயிற்று.

அடிவாரத்தில் நிறுத்தி
ஒவ்வொரு சக்கரத்தருகிலும் குனிந்தேன்.
சூடுதான்.
நாற்றமில்லை.

"என்ன, எடுத்துக்கொள்கிறாயா?"

"அந்தத் துரு, இன்ஜெக்டர், சுவிட்ச்.
வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்க்கணும்."

பதினாலாயிரத்து ஐந்நூறு
காலையிலிருந்தே என் இடது பூட்சுக்குள்
குதிகாலை உறுத்திக்கொண்டிருந்தது.