பாதி மடி

இரவு இரண்டேகாலுக்கு ஸெஃபெரீனோ கூப்பிட்டார்.
"படுத்துவிட்டாள்" என்றார், அவ்வளவுதான்.
போன வருடத்துப் பாக்கி, நூற்றுப் பத்து யூரோ,
எங்கள் இருவருக்கும் நடுவே
தொலைபேசியில் சற்று நேரம் மூச்சு விட்டது.
வருகிறேன் என்றேன்.

சாவோ ஜார்ஜ் தீவு ஒரு கத்தியின் முதுகு.
இரு பக்கமும் கடல், நடுவில் பாதை,
பாதையெங்கும் மேகம் இறங்கி மேய்கிறது.
நீலப் பூ வேலிகள் வண்டி விளக்கில்
வெளுத்து வெளுத்துப் பின்னால் போயின.
மருந்துக் குப்பியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தேன்.
சில்லிட்ட மருந்தை இதயம் மன்னிக்காது.
ஒரு கையால்தான் ஓட்டினேன், ஆமாம்,
யாரிடமும் சொல்லாதீர்கள்.

சரிவில், எரிமலைக் கல் சுவரோரம்
கிடந்தாள் ஃபைஷ்கா.
அவர்கள் பேச்சில் தீப்பொறி என்று பொருள்.
காதைத் தொட்டேன்: ஈரத் துணி.
கழுத்தை மடக்கி விலாவில் முகம் புதைத்து
தன்னையே ஒட்டுக்கேட்பவள் போல.
மூக்கு உலர்ந்திருந்தது. கண் திறந்திருந்தது,
ஆளில்லாத வீட்டின் சன்னலாக.
கன்று மட்டும், பிறந்து ஒன்பது மணி நேரம்,
என் பூட்ஸை நக்கி உப்புப் பார்த்தது.

பால் காய்ச்சல் என்கிறோம் இதை.
காய்ச்சலா?
கொதிக்கவும் இல்லை, பொங்கவும் இல்லை,
மார்கழித் தரை போலக் கிடக்கிறது உடம்பு.
பெயர் வைத்தவன் எவனோ
ஒரு பசுவின் காதைக்கூடத் தொட்டதில்லை.

மடி கேட்டது, இரத்தம் கொடுத்தது.
மடி மறுபடி கேட்டது.
இரத்தம் ஓடிப்போய் எலும்பின் கதவைத் தட்ட,
எலும்பு அசந்து தூங்குகிறது.
ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு;
இவளுடைய வெண்ணெய் வாளிக்குப் போனது,
சுண்ணாம்பும் கூடவே போனது.

மூன்று வைக்கோல் கட்டுகளை முட்டுக் கொடுத்து
நிமிர்த்தி உட்காரவைத்தோம்.
பக்கவாட்டில் சாய்ந்தால் வயிறு உப்பி மூச்சை நெரிக்கும்.
கழுத்து நாளத்தில் ஊசி. குப்பி அவர் கையில்.
"தோளுயரம் போதும், தூக்காதீர்கள்."
"சீக்கிரம் விடலாமே?"
"சீக்கிரம் விட்டால் நின்றுவிடும்."
"எது?"
நான் காதில் குழாயை மாட்டிக்கொண்டேன்.

தூரத்து வீட்டில் யாரோ கம்பளம் தட்டுகிறார்கள்,
அப்படித்தான் கேட்டது முதலில்.
பிறகு பக்கத்து வீட்டில்.
ஒருமுறை தாளம் தப்பியது.
குழாயைக் கிள்ளிப் பிடித்தேன்.
நாங்கள் மூவரும், கன்றோடு நால்வரும்,
அடுத்த அடிக்காகக் காத்திருந்தோம்.
"அந்த நூற்றுப் பத்து..." என்று ஆரம்பித்தார்.
"பேசாதீர்கள், எண்ணிக்கொண்டிருக்கிறேன்."

குப்பி முக்கால் காலியானபோது
தொடையில் ஒரு நடுக்கம், ஈ உட்கார்ந்தது போல.
ஒரு நீண்ட ஏப்பம், புளித்த புல் வாசம்.
மூக்கில் முத்து முத்தாக வேர்வை.
அப்புறம் சாணம், தாராளமாக.
சாணத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்ட மனிதனை
அன்றுதான் பார்த்தேன்.
பின்னங்கால் முதலில், முன்னங்கால் பிறகு,
சரிவை ஒருமுறை முறைத்துவிட்டு
எழுந்து நின்றாள்.

அவர் கை தானாக வாளியைத் தேடியது.
"பாதி" என்றேன். "இன்றைக்குப் பாதிதான்.
மிச்சம் மடியிலேயே இருக்கட்டும்.
ஒட்டக் கறந்தால் மறுபடி கேட்கப் போகும்,
கேட்க இடமில்லை."
பாதியில் நிறுத்தத் தெரியாத விரல்கள் அவருடையவை.
இரண்டு முறை நிறுத்தி
மூன்றாம் முறைதான் நிறுத்தினார்.

வண்டிக்குப் பக்கத்தில் வந்து
ஐம்பத்தைந்து யூரோவை எண்ணிக் கொடுத்தார்.
"பாதி" என்றார்.
முகத்தில் சிரிப்பு இருந்ததா, இருட்டு.

இன்று மதியத்துக்குள் அவள் மறுபடி விழலாம்.
சில பசுக்கள் விழும், ஏனென்று கேட்டால்
என்னிடம் நேரான பதில் இல்லை.
இன்னொரு குப்பியைக் கொடுத்து
"இது தோலுக்கடியில், நாளத்தில் அல்ல.
அதுவரை இங்கே வையுங்கள்" என்று
அவர் கையைத் தூக்கிக் காட்டினேன்.
கண்ணாடியில் பார்த்தேன்,
மேகத்துக்குள், ஒரு கையை விலாவோடு இறுக்கி
இறகு ஒடிந்த கோழியாக
பசுவின் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.