அரை மைல்

மாநிலம் அனுப்பிய வரைபடத்தில்
ரயில் நிலையத்தின் மேல் முள்ளை ஊன்றி
யாரோ வட்டம் போட்டிருக்கிறார்கள்.
ஆரம், அரை மைல்.
அதற்குள் நான்கு மாடி எழும்பலாம்,
ஊர் மறிக்கக் கூடாது.
பதினேழு பக்கச் சட்டத்தின் சாரம் அவ்வளவுதான்.

கோடு ஹார்வுட் தெருவில் இறங்கி
வினிஃப்ரெட் லாத்ரப்பின் சமையலறையை
இரண்டாக அறுத்துக்கொண்டு போகிறது.
அடுப்பு உள்ளே, குளிர்பெட்டி வெளியே.
"எந்தப் பக்கம் நின்று முட்டை பொரிக்கட்டும்?"
என்றார் மைக்கில்.
மண்டபம் சிரித்தது.
சிரிப்பை நான் எழுதுவதில்லை.

நார்த் பெல்டிங் நகர மன்றத்தின்
குறிப்பெழுத்தர் நான்.
ஒருவருக்கு மூன்று நிமிடம்,
பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு.
பேச்சு எழுதப்படும், பெருமூச்சு எழுதப்படாது.

பல் மருத்துவர் வந்தார்.
இடம் கொடுத்தால் மடத்தையே பிடுங்குவார்கள் என்றார்.
தலைநகரத்தில் உட்கார்ந்திருப்பவன்
எங்கள் மில் தெருச் சாக்கடையில்
ஒருநாள் இறங்கிப் பார்த்தானா?
நியாயம்தான்.
பிப்ரவரியில் அது பொங்கியபோது
என் காலணியும் நனைந்தது.

பள்ளியில் இடமில்லை என்றார் இன்னொருவர்.
போன வசந்தத்தில், பிள்ளைகள் போதவில்லை என்று
இரண்டு வகுப்பறைகளை மூடினோம்.
முன்மொழிந்தவர் இவரேதான்,
தேதியோடு என்னிடம் இருக்கிறது.
யாரும் கேட்காததை
நான் எடுத்து நீட்ட முடியாது.

'ஊரின் குணம்' என்ற சொல்
அன்றிரவு முப்பத்தொரு முறை வந்தது.
முப்பதுக்கு மேல் எண்ணக் கூடாது என்று நினைத்தேன்,
எண்ணிவிட்டேன்.

பத்து நாற்பத்தைந்துக்கு
முப்பத்து நான்காவது பெயர்: டியோலிண்டா டவாரெஸ்.
மறுபடி கூப்பிட்டார்கள்.
வினிஃப்ரெட் மட்டும் திரும்பிப் பார்த்தார்.
முதியோர் இல்லத்தில் அவர் கணவருக்குச்
சவரம் செய்துவிடும் கை அது.
நாற்காலி காலி.
கடைசி ரயில் பத்து ஐம்பத்திரண்டு.
"அழைக்கப்பட்டார், இல்லை" என்று எழுதினேன்.

அப்புறம்தான் கோர்ஹாம் பீஸ் எழுந்தார்.
மன்றத்திலேயே மெதுவாகப் பேசுகிறவர்.
"நிலையம் இருந்தால்தானே வட்டம்?
ரயில் இங்கே நிற்காவிட்டால்?"

ஒரு கணம்
ரேடியேட்டரின் கொதிப்பு மட்டும் கேட்டது.
பிறகு கைதட்டல்.
அதையும் நான் எழுதுவதில்லை.
மூன்றுக்கு இரண்டு. தீர்மானம் நிறைவேறியது.
ரயில்வேக்குக் கடிதம் அனுப்புவது,
தட்டச்சு செய்வது குறிப்பெழுத்தர்.

விளக்கை அணைக்குமுன் சீட்டுகளை அடுக்கினேன்.
பேச விரும்புவோர் நிரப்பித் தரும் மஞ்சள் சீட்டு.
டவாரெஸின் சீட்டில்
முகவரி என்ற இடத்தில்
முதியோர் இல்லத்தின் முகவரி.
பொய் என்று சொல்ல முடியவில்லை,
விழித்திருக்கும் நேரமெல்லாம் அங்கேதானே இருக்கிறார்.
ஆதரவா, எதிர்ப்பா?
இரண்டு கட்டமும் வெறுமை.
கருத்து என்ற கோட்டின் மேல்
பென்சிலில் ஒரே ஒரு கேள்வி:

வாடகை எவ்வளவு வரும்?

நான்கு மணி நேரமாக அதை யாரும் கேட்கவில்லை.
மாடி கேட்டவர்களும் கேட்கவில்லை,
மறித்தவர்களும் கேட்கவில்லை.
பதினேழு பக்கத்தையும்
மறுபடி புரட்டிப் பார்த்தேன்.
அதிலும் இல்லை.

சீட்டில் துளையிட்டு
'இணைப்பு ஏழு' என்று எண்ணிட்டுக் கோத்தேன்.
விதியில் இதற்கு இடம் இருக்கிறதா தெரியாது.

எனக்கும் வீடு இங்கே இல்லை.
நாற்பது மைல் ஓட்டவேண்டும், வெளியே பனி.
கடிதத்தை இன்றே முடித்துவிடலாமென்று உட்கார்ந்தேன்.
'மதிப்பிற்குரிய ஐயா,
தங்கள் ரயில் எங்கள் ஊரில்'
வரை வந்துவிட்டது.

ஐந்து பத்து ரயிலில் அவர் வந்து இறங்குவார்.
அதற்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது.