பன்னெண்டுல காத்து வராதுங்க

வளாகத்துக்குள் பேட்டரி கார்
மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
சங்கம் கூடி முடிவு செய்து
டைனிங் ஹால் வளைவில் பலகை நட்டது.
பலகை மேல் மயில் எச்சம்.

முப்பத்தொரு வருசம் மோட்டார் கிளைம் பார்த்தவள் என்பதால்
கோப்பு என்னிடம் வந்தது.
தொண்டாமுத்தூர்ப் பக்கம் வீடு வாங்கியதே
நசுங்கிய பம்பர் இனிப் பார்க்கக்கூடாது என்றுதான்.
விடுவார்களா.

வைகாசி கடைசி வெள்ளி, மாலை ஐந்தே முக்கால்.
நான்காம் எண் வண்டி.
ஓட்டியவர் சி-17 சென்னியப்பன், வயது எழுபத்தொன்பது.
சேதம்: கோகிலம் டீச்சரின் வாக்கர், ஒரு கால் வளைவு.
டீச்சருக்கு ஒன்றுமில்லை.
வாக்கரை ரோட்டில் விட்டுவிட்டு
பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.
அதை அவராகச் சொல்லவில்லை. நான் கேட்டேன்.

வண்டிக்கு நம்பர் பிளேட் இல்லை,
அதனால் மோட்டார் பாலிசியும் இல்லை.
வளாகப் பாலிசியில் லிஃப்ட் உண்டு, ஜெனரேட்டர் உண்டு,
யாரும் இறங்காத நீச்சல் குளம்கூட உண்டு.
இந்த நாலு சக்கரம் எந்த வரியிலும் இல்லை.
"சக்கர நாற்காலின்னு போட்டுக்கலாமுங்களா?" என்றார் ஏஜென்ட்.
கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தேன்.

சென்னியப்பன் சங்ககிரிக்காரர்.
ஜவ்வரிசி ஏற்றி குவாஹாட்டி போய்
தேயிலை ஏற்றித் திரும்பியவர்.
"என்ன வேகத்துல வந்தீங்க?"
"இருவது இருக்குமுங்க."
என் சர்வீசில் எல்லா டிரைவரும்
நாப்பதுலதான் வந்தார்கள்,
புளியமரத்தை வேரோடு சாய்த்தவன் உட்பட.
"பலகையில பன்னெண்டு போட்டிருக்கே."
"பன்னெண்டுல காத்து வராதுங்க."

பக்கத்து சீட்டில் பாவாயி.
பொழுது சாய்ந்தால் "ஊட்டுக்குப் போலாங்க" என்பாராம்.
இதுதான் வீடு என்று
சாவியைக் காட்டி, பீரோவைக் காட்டி,
மகன் போட்டோவைக் காட்டிப் பார்த்தாயிற்று.
அதனால் வண்டியெடுத்து ஆறு சுற்று.
முகத்தில் காற்று அடித்து முந்தானை பறந்தால்
வெகுதூரம் வந்த மாதிரி இருக்குமாம்.
ஏழாவது சுற்றில் சி-17 வாசலில் நிறுத்தினால்
"அப்பாடா, வந்துட்டோம்" என்று இறங்கி
செருப்பைக் கழற்றுவாராம்.
"பதினெட்டுலகூட ஒரொரு நாள் நம்பமாட்டாளுங்க."

படிவத்தில் ஒரு கட்டம்: விபத்துக்கான காரணம்.
நாலு விரற்கடை நீளம்.
'அதிவேகம்' என்று எழுதப் போதும்.
எழுதினேன்.

மூவாயிரத்து இருநூறு அவரே கட்டினார்.
இருநூறைத் திருப்பித் தந்தார் டீச்சர்,
தன் பங்கு என்று.
எல்லா வண்டிக்கும் பெல்ட் போடச் சொன்னேன்,
இடப்பக்கம் தடுப்புக் கம்பி.
மெக்கானிக் பையன் கண்ட்ரோலரில்
பன்னிரண்டைப் பூட்டினான்.
அதன்பின் பத்து நாள்
சி-17-ல் விடிய விடிய விளக்கு எரிந்தது.
பூட்டச் சொன்ன தாளில் என் கையெழுத்து.

ஆனி பிறந்தது.
பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்தது.
தென்னைகள் கிழக்கே தலைவிரித்தன.
ஒரு ராத்திரி பலகை பிடுங்கிக்கொண்டு போய்க்
குளத்தில் விழுந்தது,
அதில் இறங்கிய முதல் ஆளாக.

நேற்று நடைபாதையில் நின்றிருந்தேன்.
மேற்கே பார்த்து வந்தது நான்காம் எண்,
பெல்ட்டோடு, பூட்டிய பன்னிரண்டில்.
எதிர்க்காற்றில் கண்ணைச் சுருக்கியிருந்தார் பாவாயி.
முந்தானை பின்னால் படபடத்தது.
கிழக்கே திரும்பினால் காற்று முதுகுக்குப் போய்விடும்.
அந்த நூறு கஜம் மட்டும்
சென்னியப்பன் ஹாரனை அடித்துக்கொண்டே போனார்,
முன்னால் பத்து லாரி நிற்கிற மாதிரி.

ஹாரனுக்கு நாங்கள் விதி எதுவும் போடவில்லை.
அடுத்த கூட்டத்தில் யாராவது கேட்டால்
பார்த்துக்கொள்ளலாம்.