நாற்பது மைக்ரான்

தார்த்து நகரில் மூன்றரை மணிக்கே இருட்டு.
உலை மட்டும் விழித்திருக்கிறது
எண்ணூற்று நாற்பது பாகையில்.

தாவெத்தின் மேல்வரிசை முன்பல்,
எமயெகி ஆற்றங்கரைப் பனியில் சறுக்கி விழுந்ததில்
ஓரம் சில்லுப் போனது.
கிளாரினெட் வாசிக்கிறவர்.
அந்தப் பல்லில்தான் வாத்தியம் உட்காரும்.
"உடையாததாகப் போடுங்கள், மாரிகா" என்றார்.

உடையாதது என்று ஒன்று
எங்கள் பட்டியலில் கிடையாது.
எவ்வளவுக்கு உடையும் என்றுதான் போட்டிருக்கும்.
பொடியைக் குழைத்துத் தூரிகையால் அடுக்குவது
நூறு மெகாபாஸ்கல்; வெளிச்சத்தை
உள்ளே வரவிட்டுப் பேசும்.
லித்தியம் சேர்ந்தது அதைப்போல் நான்கு மடங்கு.
நான்கு மடங்கையே எடுத்தேன்.

முதல் ஓடு வந்தது, நெல்லுமி கனத்தில்.
அச்சுப்பல்லின்மேல் வைத்து நகத்தால் தட்டினேன்.
டிக்.
அந்தச் சத்தம் வரக் கூடாது.

உருப்பெருக்கியின் கீழே
ஈறோரமாக நூற்றிருபது மைக்ரான்.
ஒரு தலைமுடி தாராளமாகப் படுத்துக்கொள்ளலாம்.
காபி நுழையும், பசை கரையும், சொத்தை வரும்;
நானூறு மெகாபாஸ்கல் வாசலில் காவல் நிற்கும்
கொல்லைக் கதவு திறந்து கிடக்க.

இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினேன்.
பொட்டென்று போனது.
சோதனை எந்திரம் வேண்டியிருக்கவில்லை,
கொஞ்சம் கோபம் போதுமாக இருந்தது.

இதே ஓடு பல்லோடு ஒட்டிவிட்டால்
கறுப்பு ரொட்டியின் கருகிய மேலோட்டையும் கடிக்கும்.
தனியே இருக்கும்போதுதான் இப்படி.
(விவாகரத்தான வாரம்
அக்காவிடம் இதைச் சொல்லிவைத்தேன்.
அவள் சிரிக்கவில்லை. நானும் விளக்கவில்லை.)

மறுபடி மெழுகு. மறுபடி உலை.
உட்புறம் சிவப்புச் சாயம் பூசி
ஒட்டிய இடத்தை மட்டும்,
மூச்சை அடக்கி, ஒரு தூசியளவு சுரண்டி,
மறுபடி வைத்து, மறுபடி.
ஒன்பதாவது தடவை தட்டியபோது
பல் பல்லைப் போலவே சும்மா இருந்தது.
நாற்பது மைக்ரான்.

மருத்துவர் ஹெல்யு அமிலத்தால் உட்புறத்தைச் சொரசொரப்பாக்கி
பசையிட்டு அமர்த்தி
நீல ஒளியில் உறையவிட்டார்.
அந்த நிமிடம் எனக்கு வேலை இல்லை.

மார்ச்சில் கச்சேரி. மூன்றாம் வரிசை.
தாவெத் நாற்பது நிமிடம் வாசித்தார்.
என்ன வாசித்தார் என்று கேட்காதீர்கள்;
நான் ஒரே ஒரு சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தேன்,
அது வரவில்லை.

முடிந்ததும் கைகுலுக்க வந்தார், வாய்நிறையச் சிரிப்பு.
கசகசா தூவிய பன் தின்றிருக்கிறார்.
ஈறோரம், சரியாக என் விளிம்பில்,
கறுப்பாக ஒன்று.

கசகசா எவ்வளவு பெரியது,
நாற்பது மைக்ரானுக்குள் அது புகாது என்பது
என்னைவிட யாருக்குத் தெரியும்.
இருந்தும் அன்றிரவு தூக்கமில்லை.