ஷேடு நம்பர் இல்லாத சிவப்பு

சென்னியப்பன், வெள்ளகோயில்,
என் நாத்தனார் வீட்டுக்காரர், டீசல் மெக்கானிக்,
தென்துருவத்திலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார்.
பனிமேல் சிவப்பு.
கிடாய் வெட்டி இழுத்துப்போன மாதிரி.
கூடவே குரல்:
"அம்மிணி, சாயப்பட்டறை லேப்புலதான இருக்கறீங்க,
இதென்ன சாயம்னு சொல்லுங் பாக்கலாம்."

வீரபாண்டி. மத்தியான ஷிஃப்ட்.
செல்போனை லைட் பாக்ஸுக்குள் சாய்த்துவைத்தேன்.
முதல் பீக்கர் கத்திரிப்பூ பக்கம் போய்விட்டது.
அடுத்ததில் மஞ்சள் ஒரு சொட்டுக் கூட்டினேன்.
மூன்றாவது ஜெர்மன்காரன் ஆர்டருக்கு ஆகும்,
இதற்கு ஆகாது.
நாலாவதைத் துணியில் ஏற்றி
சோப்பில் அலசி, இஸ்திரி போட்டு
பக்கத்தில் வைத்தால்
கிட்டத்தில் வருகிறது.
கிட்டத்தில்தான்.

ராத்திரி சொன்னார்:
"சாயமே இல்லீங். பாசி.
நம்ம கெணத்துப் பாசிக்குப் பங்காளி.
வெயில் தாங்காம
செவப்ப இழுத்துப் போத்திக்குதாம்."
பனியில் என்ன வெயில் என்றேன்.
மூக்குத் தோல் உரிந்த படம் ஒன்று வந்தது.

கல்லில் கறுப்பாய் ஒட்டியிருந்ததை மட்டும்
அவரே கண்டுபிடித்தாராம்,
பிரியாணிக்குப் போடுகிற கல்பாசியின் சாதி என்று.
பறித்தால் வேலை போய்விடும்.
இன்னோர் இடத்தில் பச்சையாய் ஒரு மெத்தை.
கடுகு உயரம் வளர வருசம் ஒன்றாகும்,
பூட்ஸ் பட்டால் அந்தத் தடம்
ஆளைவிட அதிக நாள் இருக்கும்.
மஞ்சள் காயும் களத்தில் நடக்கிற மாதிரி
ஓரமாய் நடக்கிறாராம், தொண்ணூறு கிலோ மனுசர்.

கேட்டுக்கொண்டே
நாலு பீக்கரையும் கழுவினேன்.
குழாய்க்கு அடியில் சிவப்பு
சுத்திகரிப்புத் தொட்டியைப் பார்த்துப் போயிற்று.
முன்பெல்லாம் நேரே நொய்யலுக்குத்தான்.
பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தே
இன்றைக்கு எந்தப் பட்டறை, எந்த ஷேடு
என்று சொல்லிவிடுவோம்.
அது ஒரு பெருமையாகக்கூட இருந்தது.

அங்கேயும் ஓடுகிறதாம்.
சிவப்பு வெயிலைக் குடிக்க
அடியில் பனி உருக
அந்தத் தண்ணீரில் பாசி பிழைக்க
இன்னும் சிவக்க
இன்னும் உருக.
யாரும் திறந்துவிடவில்லை. ராத்திரியில் திறந்துவிடவில்லை.
ஆனாலும்
எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாலாவது கட்டிங்கை ரிஜிஸ்தரில் ஒட்டினேன்.
பார்ட்டி: பாசி.
ஷேடு நம்பர்: ஒரு கோடு.
வெயிலில் வெளுக்குமா என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தேன், எடுத்தேன்.

அப்ரூவல்
இன்னும் வரவில்லை.